விஎம்களுக்கு என்எஃப்எஸ் சர்வர்: ‘எழுதியாச்சு’ என்று அது சொன்னால் எழுதியிருக்க வேண்டும்

ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் மென்பொருள் ப்ராக்ஸ்மாக்ஸ். அது ஓடும் கணினிகளை, அதாவது ஹோஸ்ட்களை, இரண்டு மூன்று வைத்து விஎம் ஓட்டுபவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தத் தலைவலி வந்தே தீரும். விஎம் டிஸ்க்குகள் அந்தந்த ஹோஸ்டுக்குள்ளேயே கிடக்கும். ஒரு ஹோஸ்டில் ராம் மாற்ற வேண்டுமென்றால்கூட அதில் ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். டிஸ்க்குகளைத் தனி சர்வரில் வைத்து, எல்லா ஹோஸ்டும் அதைப் பார்க்கும்படி செய்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமலே பக்கத்து ஹோஸ்டுக்குத் தள்ளிவிடலாம். இதற்கு ஐஸ்கஸி, செஃப் என்று வேறு வழிகளும் உண்டு. முதன்முறை இறங்குபவருக்கு நான் சொல்வது, ஒரு சர்வரின் அடைவை நெட்வொர்க் வழியாக மற்ற கணினிகளுக்குக் காட்டும் என்எஃப்எஸ்தான். விஎம் டிஸ்க் அதில் சாதாரணக் கோப்பாகக் கண்ணுக்குத் தெரியும். ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே போய்ப் பார்க்கலாம், காப்பி எடுக்கலாம்.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது: டெபியன் லினக்ஸ் ஓடும் சேமிப்பு சர்வர் ஒன்று, அதில் ஆறு ஹார்ட் டிஸ்க், அவற்றை ஒன்றாகக் கட்டி நிர்வகிக்க இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. எதிரே மூன்று ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட்கள், நடுவில் 10 ஜிகாபிட் ஸ்விட்ச். விஎம்வேர் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். மாறுகிற இடத்தைத் தனியாகச் சொல்கிறேன். கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன்.

ஆவணம் வைக்கும் ஷேர் வேறு, விஎம் வைக்கும் ஷேர் வேறு

அலுவலகத்தில் எக்செல் கோப்புகள் போட்டுவைக்கும் ஷேரை அமைத்த அனுபவம் இங்கே அவ்வளவாகக் கைகொடுக்காது. அங்கே கோப்பு முழுதாக வரும், முழுதாகப் போகும். விஎம்மின் உள்ளே இருக்கும் இயங்குதளமோ தன்னிடம் நிஜ டிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. நூறு ஜிபி கோப்பின் நடுவில் 4 கேபி இங்கே, 8 கேபி அங்கே என்று எழுதும். முக்கியமான ஒவ்வொரு எழுத்துக்கும் பிறகு ‘இது டிஸ்க்கில் இறங்கிவிட்டதா?’ என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும். டேட்டாபேஸ் ஓடும் விஎம் ஒவ்வொரு பரிவர்த்தனையை முடிக்கும்போதும் கேட்கும். இருபது விஎம் சேர்ந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்எஃப்எஸ் 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது. பழைய இரண்டாம் பதிப்பில் விதி கறாரானது: ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க்கில் இறங்கிய பிறகே சர்வர் பதில் சொல்ல வேண்டும். மெதுவாக இருந்தது. 1995-இல் வந்த மூன்றாம் பதிப்பு ‘கமிட்’ என்ற தனிக் கட்டளையைச் சேர்த்தது. சர்வர் தரவை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கமிட் கேட்கும்போது மட்டும் டிஸ்க்கில் இறக்கிவிட்டுப் பதில் சொன்னால் போதும். அதுவரை கிளையன்ட் தன்னிடம் ஒரு பிரதியை வைத்திருக்கும். நடுவில் சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் மறுபடி அனுப்பும். நல்ல ஏற்பாடுதான், கமிட்டுக்குச் சர்வர் பொய்ப்பதில் சொல்லாதவரை.

பொய் சொல்ல வைக்கும் ஆப்ஷனின் பெயர் அசிங்க். தமிழில் உச்சரித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். எக்ஸ்போர்ட்டில், அதாவது எந்த அடைவை யாருக்குப் பகிர்வது என்று சர்வரில் எழுதும் வரியில், இதைப் போட்டால், எதுவும் டிஸ்க்கில் இறங்காமலே சர்வர் ‘எழுதியாச்சு’ என்று சொல்லிவிடும். இது என்எஃப்எஸ் நெறிமுறையை மீறுவது என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. இதற்கு எதிர்ப்பதம் சிங்க்: டிஸ்க்கில் இறங்கிய பிறகே பதில் சொல்வது. இசட்எஃப்எஸ்ஸில் சிங்க் பண்பை ‘டிசேபிள்ட்’ என்று வைப்பதும் இதே பொய்தான். ‘என்எஃப்எஸ் மெதுவாக இருக்கிறது’ என்று யார் புலம்பினாலும் முதல் பதிலாக இந்த இரண்டில் ஒன்றுதான் வரும். வேகம் பத்து மடங்கு கூடும் என்பதும் உண்மைதான்.

நானும் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்கு அமைத்துக் கொடுத்த சர்வர் அது. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் மேல் அசிங்க் போட்டு, சோதனை எண்களைப் பார்த்துப் பூரித்துப்போனேன். ஒரு மதியம் மின்சாரம் போனது. ஹோஸ்ட்கள் இருந்த யுபிஎஸ் தாங்கியது. சேமிப்பு சர்வர் இருந்த யுபிஎஸ்ஸின் பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. சர்வர் அணைந்து, ஜெனரேட்டர் எடுத்ததும் திரும்ப எழுந்தது. விஎம்கள் சில நிமிடம் உறைந்து நின்று, ஒன்றும் நடக்காதது போலத் தொடர்ந்து ஓடின. ஒரு எரர்கூட இல்லை. மறுநாள் கவுண்டரில் இருந்தவர் அச்சடித்த பில் ஒன்றை நீட்டி, “இந்த நம்பர் சிஸ்டத்துல இல்லையே சார்” என்றார். மின்சாரம் போவதற்கு முன் இருந்த கடைசி அரை நிமிடத்துப் பில்கள் காகிதத்தில் இருந்தன, டேட்டாபேஸில் இல்லை. அடுத்த வாரம் அதன் இண்டெக்ஸ்களும் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயிருப்பது தெரிய வந்தது. விஎம் கீழே விழுந்திருந்தால்கூட டேட்டாபேஸ் எழும்போது தன்னைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். அது விழவே இல்லையே! தான் எழுதியது டிஸ்க்கில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே மேலே மேலே எழுதிக்கொண்டிருந்தது.

ஆகவே வேகத்தைப் பொய்யில் தேட வேண்டாம். சிங்க் இருக்கும்போதே வேகமாக இருக்கும்படி டிஸ்க்கிலும் நெட்வொர்க்கிலும் செய்ய வேண்டியதைத்தான் இனி ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகிறோம்.

முதல் படி: டிஸ்க் அடுக்கு

7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும். தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிய சின்னச் சின்ன வேலைகள் வினாடிக்கு நூறு சொச்சம்தான் முடியும். இதை எந்த ட்யூனிங்கும் மாற்றாது.

ஆறு டிஸ்க்கை, எந்த இரண்டு செத்தாலும் தாங்கும் ரெய்டு-இசட்2 ஆகக் கட்டினால் நாலு டிஸ்க் அளவு இடம் கிடைக்கும். ஆனால் சிதறிய எழுத்துக்கு அந்த ஆறும் சேர்ந்து ஏறக்குறைய ஒரே டிஸ்க் மாதிரிதான் நடந்துகொள்ளும். அதே ஆறை, ஒன்றின் பிரதி மற்றொன்றாக இருக்கும் மூன்று ஜோடி மிரராகக் கட்டினால் இடம் மூன்று டிஸ்க் அளவுக்குக் குறையும், வேகம் மூன்று மடங்காகும். விஎம்களுக்கு மிரர்தான். பேக்கப் வைக்கும் சர்வருக்கு ரெய்டு-இசட்2 நன்றாகப் பொருந்தும். இப்படிக் கட்டிய டிஸ்க் தொகுப்புக்குப் பெயர் பூல். அதை உருவாக்கும்போது ஏஷிஃப்ட் (டிஸ்க்கில் எழுதும் மிகச் சிறிய துண்டின் அளவு) மதிப்பை 12 என்று கொடுத்துவிடுங்கள். டிஸ்க்கைப் பூலில் சேர்த்த பிறகு அதை மாற்ற வழியில்லை.

அடுத்தது கமிட்டுக்கு உடனே பதில் சொல்ல ஒரு இடம். இசட்எஃப்எஸ் சாதாரண எழுத்துகளை ஏறத்தாழ 5 வினாடிக்கு ஒருமுறை மூட்டையாகக் கட்டி டிஸ்க்கில் இறக்கும். அதுவரை பொறுக்க முடியாத சிங்க் எழுத்துகளை இன்டென்ட் லாக் என்ற குறிப்பேட்டில் உடனே எழுதி வைக்கும். அந்தக் குறிப்பேடு அதே ஹார்ட் டிஸ்க்குகளில் இருந்தால் ஆமை வேகம். அதைத் தனியாக ஒரு எஸ்எஸ்டியில் வைப்பதைத்தான் ஸ்லாக் என்கிறார்கள்.

இந்த எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டியின் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்க்காதீர்கள். பார்க்க வேண்டியது ‘பவர் லாஸ் ப்ரொடெக்ஷன்’ இருக்கிறதா என்பதை. அப்படிப்பட்ட எஸ்எஸ்டியில் வரிசையாகக் கப்பாசிட்டர்கள் இருக்கும். மின்சாரம் போனாலும் தன் நினைவகத்தில் இருப்பதை ஃப்ளாஷில் எழுதி முடிக்கும் அளவுக்கு அவை சக்தியைத் தேக்கி வைத்திருக்கும். அந்தத் தைரியத்தில்தான் ஒவ்வொரு ஃப்ளஷ்ஷுக்கும் (‘நினைவகத்தில் இருப்பதை இறக்கு’ என்ற கட்டளை) அது உடனே, உண்மையாகப் பதில் சொல்கிறது. சாதாரண எஸ்எஸ்டி ஒவ்வொரு ஃப்ளஷ்ஷுக்கும் ஃப்ளாஷ் வரை போய்வர வேண்டும். பெட்டியில் லட்சக்கணக்கில் போட்டிருந்த எண், சிங்க் எழுத்தில் சில நூறுகளுக்கு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அளவு பெரிதாக வேண்டாம். 10 ஜிகாபிட் கம்பி வழியாக வினாடிக்கு அதிகபட்சம் 1.25 ஜிபி வரும். இரண்டு மூட்டை தேங்கினாலும் பத்து வினாடிக்கு 12.5 ஜிபிதான். 16 ஜிபி பார்ட்டிஷன் தாராளம். பழைய சர்வரிலிருந்து கழற்றிய என்டர்ப்ரைஸ் எஸ்எஸ்டி கையில் இருந்தால் அதுவே போதும், ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று, எஸ்எஸ்டி தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்துவிட்டு. எல்லா டிஸ்க்கும் இந்தப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டி என்றால் ஸ்லாக் அவசியமில்லை.

பூலுக்குள் பிரித்து வைக்கும் பகுதிக்கு டேட்டாசெட் என்று பெயர். அதில் மாற்ற வேண்டியவை கொஞ்சம்தான். கம்ப்ரெஷன் (தரவை அமுக்குவது) எல்இசட்4, ஏடைம் (கோப்பைப் படித்த நேரத்தைக் குறிப்பது) ஆஃப். ரெக்கார்ட்சைஸ், அதாவது கோப்பைப் பிரித்து வைக்கும் துண்டின் அளவு, இயல்பாக 128 கேபி. விஎம்களுக்கு அது பெரிது. 4 கேபி மாற்ற 128 கேபியைப் படித்து மறுபடி எழுத வேண்டியிருக்கும். விஎம் டிஸ்க்கை வைக்கும் க்யூகவ்2 வகைக் கோப்பின் க்ளஸ்டர் (அதன் துண்டு அளவு) இயல்பாக 64 கேபி என்பதால் நானும் 64-இல் தொடங்குவேன். டேட்டாபேஸ் விஎம்களுக்குத் தனி டேட்டாசெட் வைத்து 16 கேபி. இந்த மாற்றம் புதிதாக எழுதும் கோப்புக்கு மட்டும்தான் பொருந்தும். விஎம்களைக் கொண்டுவரும் முன்பே செய்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கம்பி

சேமிப்புக்குத் தனி நெட்வொர்க் கார்டு, தனி விலேன் (ஸ்விட்ச்சுக்குள்ளேயே பிரித்த தனி நெட்வொர்க்). 1 ஜிகாபிட்டில் வினாடிக்கு 110 எம்பி சொச்சம்தான் வரும். நாலைந்து லேசான விஎம்மென்றால் ஓடும், ஆனால் ஒரு பேக்கப் தொடங்கினால் எல்லாம் திணறும். இரண்டு கம்பியை எல்ஏசிபியில் சேர்த்தால் இரட்டிப்பு வேகம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு டிசிபி இணைப்பு ஒரே கம்பியில்தான் போகும்.

எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) 9000 வைப்பதாக இருந்தால் சர்வர், ஹோஸ்ட், ஸ்விட்ச் மூன்றிலும் வையுங்கள். நடுவில் ஸ்விட்ச்சை மட்டும் மறந்துவிட்டால் வரும் அறிகுறி விசித்திரமானது: மவுண்ட் ஆகும் (ஷேர் ஹோஸ்டில் இணையும்), கோப்புப் பட்டியல் வரும், ஆனால் விஎம்மை ஏற்றினால் அப்படியே நிற்கும். சின்னப் பாக்கெட் போகிறது, பெரியது காணாமல் போகிறது. சோதிக்க, பாக்கெட்டை உடைக்காதே என்று சொல்லி 8972 பைட் பிங் அனுப்புங்கள். லினக்ஸில் ‘மைனஸ் பெரிய எம்’ ஆப்ஷனுக்கு ‘டு’ என்று கொடுக்க வேண்டும். 9000-த்தில் தலைப்புகளுக்கு 28 பைட் போக மிச்சம் அது. பதில் வரவில்லையென்றால் எங்கோ 1500 ஒளிந்திருக்கிறது. தேட நேரமில்லையா, எல்லாவற்றையும் 1500-க்கே திருப்பிவிடுங்கள். இழப்பு பெரிதில்லை.

மூன்றாம் படி: எக்ஸ்போர்ட்

டெபியனில் ‘என்எஃப்எஸ்-கெர்னல்-சர்வர்’ பொதியை நிறுவி, ஈடிசி அடைவில் உள்ள எக்ஸ்போர்ட்ஸ் கோப்பைத் திறங்கள். ஒரே வரிதான்: முதலில் அடைவின் பாதை, பிறகு ஹோஸ்டின் ஐபி, அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் ஆப்ஷன்கள். ஒட்டி என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஐபிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்தால், அந்த ஹோஸ்டுக்கு இயல்பு ஆப்ஷன்களும், நீங்கள் எழுதிய ஆப்ஷன்கள் உலகத்துக்கே என்றும் அர்த்தமாகிவிடும். எச்சரிக்கை எதுவும் கண்ணில் படாமலே போகலாம்.

ஆப்ஷன்கள் ஐந்து. ஆர்டபிள்யூ: எழுத அனுமதி. சிங்க்: இன்று இதுவே இயல்பு, ஆனாலும் வெளிப்படையாக எழுதுங்கள், பின்னால் வருபவர் கை வைக்கும் முன் ஒருமுறை யோசிப்பார். நோ-சப்ட்ரீ-செக்: கோப்பு பகிர்ந்த அடைவுக்குள்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டாம் என்பது, இதுவும் இயல்புதான். நோ-ரூட்-ஸ்க்வாஷ்: ப்ராக்ஸ்மாக்ஸும் இஎஸ்எக்ஸ்ஐயும் (விஎம்வேரின் ஹோஸ்ட் மென்பொருள்) ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, வந்து எழுதுபவை. இது இல்லாவிட்டால் சர்வர் அவர்களை ‘நோபடி’ ஆக்கி, பெர்மிஷன் இல்லை என்று திருப்பி அனுப்பும். ரூட்டுக்கே கதவைத் திறந்துவிடுகிறோம் என்பதால், ஹோஸ்ட்களின் ஐபியை ஒவ்வொன்றாக எழுதுங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லோருக்கும் திறக்காதீர்கள்.

ஐந்தாவது எம்பி, அதாவது மவுண்ட்பாயின்ட். பலரும் போடாத இது என் அபிமான ஆப்ஷன். சர்வர் பூட் ஆகும்போது பூல் ஏதோ காரணத்தால் மவுண்ட் ஆகவில்லை என்று வையுங்கள். அந்தப் பாதையில் வெறும் அடைவு மட்டும் இருக்கும். என்எஃப்எஸ் அதையே சந்தோஷமாக எக்ஸ்போர்ட் செய்யும். ஹோஸ்ட் பார்த்தால் சேமிப்பகம் காலி. டிஸ்க் எல்லாம் அழிந்துவிட்டது என்று உங்களுக்கு வியர்க்கும். அதற்குள் யாராவது பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் கொடுத்தால் அது போய் 32 ஜிபி பூட் டிஸ்க்கை நிரப்பும். எம்பி போட்டிருந்தால், அந்தப் பாதையில் ஏதாவது மவுண்ட் ஆகியிருந்தால்தான் எக்ஸ்போர்ட் நடக்கும்.

கோப்பைச் சேமித்துவிட்டு எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை ‘ஆர்ஏ’ ஆப்ஷனுடன் ஓட்டுங்கள். அப்புறம் ‘வி’ ஆப்ஷனுடன் ஓட்டி, சர்வர் உண்மையில் என்ன புரிந்துகொண்டிருக்கிறது என்று வாசியுங்கள். இடைவெளிப் பிழை இங்கே பளிச்சென்று தெரியும்.

சர்வரின் த்ரெட் (ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கவனிக்கும் ‘கைகள்’) எண்ணிக்கை பல லினக்ஸ்களில் வெறும் 8. ஈடிசியில் உள்ள என்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில், என்எஃப்எஸ்டி பகுதியில் 32 அல்லது 64 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அவ்வளவுதான்.

நான்காம் படி: ஹோஸ்ட் பக்கம்

ப்ராக்ஸ்மாக்ஸில் டேட்டாசென்டர், ஸ்டோரேஜ், ஆட், என்எஃப்எஸ் என்று போய் சர்வர் ஐபியைக் கொடுத்தால் எக்ஸ்போர்ட் பட்டியல் தானே வரும். பதிப்பு 4.2 தேர்ந்தெடுங்கள். விஎம்முக்குள் கோப்பு அழித்த இடத்தைச் சர்வருக்குத் திருப்பிக்கொடுக்கும் வசதி அதில்தான் இருக்கிறது. விஎம் டிஸ்க்கில் டிஸ்கார்ட் பெட்டியையும் டிக் செய்ய வேண்டும். மவுண்ட் ஆப்ஷனில் ‘என்கனெக்ட்’ மதிப்பை 4 என்று சேருங்கள். லினக்ஸ் 5.3 முதல் உள்ள வசதி இது. ஒரே மவுண்டுக்கு நாலு டிசிபி இணைப்பு திறக்கும். அதே சர்வருக்கு ஏற்கெனவே ஒரு மவுண்ட் இருந்தால் புதிதாகக் கொடுத்த எண் எடுபடாது. பழையதைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள்.

எங்காவது ‘சாஃப்ட்’ மவுண்ட் போடச் சொல்லியிருந்தால் கேட்காதீர்கள். இயல்பான ‘ஹார்ட்’ மவுண்டில், சர்வர் போனால் விஎம் உறைந்து காத்திருக்கும், வந்ததும் தொடரும். சாஃப்ட்டில் சிறிது நேரத்தில் எழுத்துப் பிழை உள்ளே போகும். விஎம்மின் கோப்பு முறைமை பயந்து ரீட்-ஒன்லி ஆகிவிடும். பிறகு இருபது விஎம்மையும் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியது உங்கள் பாடு.

விஎம் டிஸ்க்கின் வகை க்யூகவ்2 ஆக இருக்கட்டும். என்எஃப்எஸ்ஸில் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் டிஸ்க் இருந்த நிலையின் பதிவு) எடுக்க அதுதான் வழி. கேஷ் ‘நன்’ என்ற இயல்பிலேயே இருக்கட்டும். பட்டியலில் ‘ரைட்பேக் அன்சேஃப்’ என்று ஒன்று இருக்கும். ஃப்ளஷ்ஷைக் காதில் போட்டுக்கொள்ளாத ஆப்ஷன் அது. சர்வரில் விரட்டிய பொய்யை ஹோஸ்ட் வழியாக உள்ளே விட்ட கதையாகிவிடும்.

இஎஸ்எக்ஸ்ஐ வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒரே ஷேரை ஒரு ஹோஸ்டில் பதிப்பு 3 ஆகவும் இன்னொன்றில் 4.1 ஆகவும் மாட்டாதீர்கள். இரண்டின் பூட்டும் முறையும் வேறு வேறு. ஒருவர் பூட்டியது மற்றவருக்குத் தெரியாமல் விஎம் டிஸ்க் சிதைந்துவிடும். அப்புறம், எல்லா ஹோஸ்டிலும் சர்வர் பெயரை ஒரே மாதிரி கொடுங்கள். ஒன்றில் ஐபி, ஒன்றில் பெயர் என்று கொடுத்தால் அதை இரண்டு தனித்தனி டேட்டாஸ்டோராக நினைத்துக்கொள்ளும்.

ஐந்தாம் படி: அளப்பது

டிடி கட்டளையால் பூஜ்யங்களை எழுதி வேகம் பார்க்காதீர்கள். எல்இசட்4 பூஜ்யங்களை அமுக்கி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும், எண் மட்டும் ஜோராக வரும். விஎம்முக்குள் எஃப்ஐஓ என்ற சோதனைக் கருவியை நிறுவி, 4 கேபி, ராண்டம் ரைட் (சிதறிய எழுத்து), ஒவ்வொரு எழுத்துக்கும் எஃப்சிங்க் (‘டிஸ்க்கில் இறக்கிவிட்டுச் சொல்’ என்ற அழைப்பு), இரண்டு நிமிடம் என்று ஓட்டுங்கள். ஸ்லாக் இல்லாத ஹார்ட் டிஸ்க் பூலில் வினாடிக்குச் சில பத்துகள் முதல் நூறு சொச்சம் வரை வந்தால் அது இயல்பு. நல்ல ஸ்லாக் மாட்டினால் ஆயிரக்கணக்கில் போக வேண்டும். போகவில்லையென்றால் எஸ்எஸ்டியின் மேல் முதல் சந்தேகம்.

ஓடும்போது ஹோஸ்டில் என்எஃப்எஸ்ஐஓஸ்டாட் பாருங்கள். ஆர்டிடி என்பது கேள்வி கம்பியில் போய்ப் பதில் வர எடுத்த நேரம். எக்ஸ்இ என்பது ஹோஸ்டில் வரிசையில் நின்ற நேரத்தையும் சேர்த்தது. ஆர்டிடியே அதிகமென்றால் கோளாறு கம்பியிலோ சர்வரிலோ. ஆர்டிடி குறைவாக இருந்து எக்ஸ்இ மட்டும் எகிறினால் நெரிசல் ஹோஸ்டில். என்கனெக்ட் கூட்டுவது அப்போதுதான் பலன் தரும். சர்வர் பக்கம் இசட்பூல் ஐஓஸ்டாட்டை ‘வி’ ஆப்ஷனுடன் 5 வினாடி இடைவெளியில் ஓடவிட்டால் எந்த டிஸ்க் இழுக்கிறது என்று தெரியும். ஜோடியில் ஒரு டிஸ்க் சாகும் முன் மெதுவாகி, மொத்தப் பூலையும் இழுப்பது சகஜம்.

ஸ்னாப்ஷாட் அதே பூலில்தான் இருக்கும் என்பதால் அதைப் பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள். வேறொரு பெட்டிக்குப் பேக்கப் போக வேண்டும்.

கடைசிப் படி: பிளக்கைப் பிடுங்குவது

நிஜத் தரவு ஏறும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். பிறகு செய்ய மனம் வராது. ஒரு சோதனை விஎம்மில் சின்ன ஸ்க்ரிப்ட் எழுதுங்கள்: 1, 2, 3 என்று ஒரு கோப்பில் எண்ணைச் சேர்க்க வேண்டும், எஃப்சிங்க் செய்ய வேண்டும், அது முடிந்த பிறகே அந்த எண்ணைத் திரையில் காட்ட வேண்டும். உங்கள் மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக அதை ஓடவிட்டு, எண்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சேமிப்பு சர்வரின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். ஷட்டவுன் கட்டளை கூடாது, கம்பியைத்தான்.

திரையில் எண் ஓரிடத்தில் நிற்கும். அதைக் குறித்துக்கொண்டு, விஎம்மை ஹோஸ்டிலிருந்து வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள். சர்வரை எழுப்பி, விஎம்மை எழுப்பி, கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். குறித்த எண்ணோ, அதற்கு அடுத்ததோ இருந்தால் சரி. அதைவிடக் குறைந்த எண் இருந்தால் எங்கோ ஒரு அடுக்கு இன்னும் பொய் சொல்கிறது. எக்ஸ்போர்ட் வரி, டேட்டாசெட்டின் சிங்க் பண்பு, விஎம்மின் கேஷ், எஸ்எஸ்டி என்று இதே வரிசையில் தேடுங்கள். எனக்கு ஒருமுறை கடைசியில்தான் கிடைத்தது.